முதல் ஹேண்டி: 3,000 ரூபாய் அனலாகா, 12,000 ரூபாய் டிஎம்ஆரா?

புதுகால்சைன் | 14 ஜூன் 2025, இரவு 9.12

ஹாம் (அமெச்சூர்) ரேடியோவுக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன், அதற்குள் ஒரு ஹேண்டி, அதாவது கையடக்க ரேடியோ செட், வேண்டும். ஊர் நாமக்கல் பக்கம், மாடி வீடு. அறுபது கிலோமீட்டர் தள்ளி மலை மேல் இரண்டு மீட்டர் பேண்டில் (144–146 மெகாஹெர்ட்ஸ்) ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது, வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம், அனலாக். பாவோஃபெங் யுவி-5ஆர் வாங்கினால் மூவாயிரம் சொச்சத்தில் கதை முடிந்தது. ஆனால் டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறை செட் அனலாக், டிஜிட்டல் இரண்டு விதமாகவும் பேசும், டிஜிட்டல் கூடுதல் தூரமும் போகும் என்கிறார்கள். அப்படியென்றால் இன்னும் ஏன் எல்லோரும் அனலாகையே வாங்குகிறார்கள்?

ரப்பர்டக் | 14 ஜூன், இரவு 9.31

உங்க செட் எட்டுற தூரத்துல டிஎம்ஆர்ல பேச யார் இருக்கா? அதுக்குப் பதில் சொல்லிட்டு விலையைப் பாருங்க. ரிப்பீட்டர் அனலாக். அதுல வர்றவங்க எல்லாரும் அனலாக். 12,000 ரூபாய் செட்டை வாங்கி அனலாக்லயே ஓட்டப் போறீங்கன்னா மிச்சக் காசுக்கு ஆண்டெனா போடலாம்.

கலர்கோடு1 | 14 ஜூன், இரவு 10.05

டிஎம்ஆர் ரிப்பீட்டர் இல்லேன்னா ஹாட்ஸ்பாட் இருக்கே, வீட்டு இணையம் வழியா செட்டை உலகத்தோட இணைக்கற குட்டிப் பெட்டி. ராஸ்பெர்ரி பை ஜீரோ, மேல ஒரு எம்எம்டிவிஎம் ரேடியோ போர்டு, 16 ஜிபி கார்டு, அஞ்சு வோல்ட் சார்ஜர். பை-ஸ்டார் மென்பொருள் ஏத்தினா பிராண்ட்மைஸ்டர்ங்கற டிஎம்ஆர் வலையமைப்புல டாக்குரூப் (பேச்சுக் குழு) 91ல உலகம், 404ல இந்தியா. கட்டில்ல படுத்துக்கிட்டே அர்ஜென்டினா பேசலாம்.

பழையடயல் | 14 ஜூன், இரவு 10.11

கட்டில்ல படுத்துக்கிட்டு அர்ஜென்டினா பேச வாட்ஸ்அப் இருக்குதேய்யா. அதுக்கு லைசென்ஸ் பரீட்சை வேற எழுதணுமா?

ஸ்டப்மேட்ச் | 14 ஜூன், இரவு 11.20

"டிஜிட்டல் அதிக தூரம் போகும்" என்பதை முதலில் ஓரம் கட்டுவோம். விஎச்எஃப்பில் (இரண்டு மீட்டர் பேண்ட் இருக்கும் பகுதி) தூரத்தை முடிவு செய்வது உயரம். கிலோமீட்டர் கணக்கில் 4.12 × (√h1 + √h2), h1, h2 இரு ஆண்டெனாக்களின் உயரம், மீட்டரில். தரையில் நிற்கும் இருவர், ஆண்டெனா ஒன்றரை மீட்டர் உயரத்தில்: 10 கிலோமீட்டர். அதுவும் வெட்டவெளியில். இருவரும் மொட்டை மாடியில், எட்டு மீட்டர்: 23. சமவெளியிலிருந்து 1200 மீட்டர் உயர்ந்த மலையில் ரிப்பீட்டர், நீங்கள் மாடியில்: 154. இதில் அனலாக், டிஜிட்டல் என்று எதுவும் இல்லை.

ஓரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். எஃப்எம்மில் சிக்னல் இறங்க இறங்க இரைச்சல் கூடும், ஆனாலும் பழகின காது கால்சைனை (பேசுபவரின் அடையாளக் குறியை) பிடித்துவிடும். டிஎம்ஆரில் குரலுக்கு நொடிக்கு 2450 பிட், பிழை திருத்த 1150 பிட். அதனால் கடைசி வரை சுத்தமாக இருக்கும். பிழை விகிதம் 5 சதவீதத்தை நெருங்கியதும் கொரகொரவென்று ரோபோ பேசும், அதற்கு அப்புறம் மௌனம். நடுவில் கஷ்டப்பட்டாவது கேட்டுக்கொள்ளலாம் என்ற நிலையே கிடையாது. மலைச்சரிவில், கட்டடங்களுக்கு நடுவே, ஓடும் வண்டியில் எதிரொலி சிக்னல் கலக்கும்போது இது இன்னும் மோசம்.

டேட்டா ஷீட்டை வைத்து ஒப்பிடுவதும் வேலைக்கு ஆகாது. எஃப்எம் உணர்திறன் 12 டிபி சைனாடுக்கு (இரைச்சலைவிடக் குரல் எவ்வளவு மேலே என்ற அளவு), டிஎம்ஆர் உணர்திறன் 5 சதவீதப் பிழைக்கு. அளவுகோலே வேறு.

புதுகால்சைன் | 15 ஜூன், காலை 6.48

தூரம் புரிந்தது சார். ஆனால் டிஎம்ஆர் செட்டில் அனலாக் ரிசீவரே பாவோஃபெங்கைவிட நன்றாக இருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்த ஒரு காரணத்துக்காகவாவது வாங்கலாமா?

ரப்பர்டக் | 15 ஜூன், காலை 7.30

எந்த செட்டுங்கறதைப் பொறுத்தது. ரேடியோடிட்டி ஜிடி-77, பாவோஃபெங் டிஎம்-1801 ரெண்டுலயும் உள்ளே ஏடி1846எஸ் சிப். யுவி-5ஆர்ல இருக்கற ஆர்டிஏ1846ஓட குடும்பம்தான். பெட்டி மேல டிஎம்ஆர்னு அச்சடிச்சுட்டா ரிசீவரோட முன்பகுதி நல்லாயிடாது. டிஒய்டி எம்டி-யுவி380, அதே செட்டை ரெடிவிஸ் ஆர்டி3எஸ்னு விக்கறாங்க, அது வேற டிசைன்.

இந்த சிப்புகளோட சிக்கல் தெரியணும்னா இப்படிப் பாருங்க. கூட வந்த குட்டை ஆண்டெனாவுல ரிப்பீட்டர் தெளிவா கேக்கும். மொட்டை மாடியில வெளி ஆண்டெனா மாட்டினதும் அதே ரிப்பீட்டர் கரகரப்பாயிடும், சிக்னல் பார் மட்டும் முழுசா நிக்கும். ஆண்டெனா கெட்டுப்போகல. பக்கத்து எஃப்எம் வானொலி டவர் சிப்பை அமுக்கிடுச்சு. சென்னை, கோவை மாதிரி ஊர்ல இது சர்வசாதாரணம். நாமக்கல் கிராமத்துப் பக்கம் பெரும்பாலும் பிழைச்சீங்க.

கலர்கோடு1 | 15 ஜூன், காலை 8.02

அதுக்கு கோஆக்ஸ் கேபிள்லயே ஒரு ஸ்டப், வேண்டாத அலைவரிசையை விழுங்கற துண்டு, போட்டா போச்சு. டி கனெக்டர்ல 98 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம், முனை திறந்தபடி. ஆர்ஜி-58 வேகக் காரணி 0.66, ஆக 50.5 சென்டிமீட்டர். எஃப்எம் பேண்ட் செத்துப்போகும்.

ஸ்டப்மேட்ச் | 15 ஜூன், காலை 9.15

சாகும். கூடவே உங்கள் எஸ்டபிள்யூஆரும் (ஆண்டெனா பக்கப் பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) சாகும். அந்தத் துண்டு 145-இல் 133 டிகிரி நீளம். திறந்த முனை, 50 ஓம் கேபிள், ஆக 47 ஓம் இண்டக்டன்ஸ் குறுக்கே தொங்குகிறது. கணக்குப் போட்டால் எஸ்டபிள்யூஆர் 2.8. கேட்க மட்டும் என்றால் சரி, பி.டி.டி.யை (பேசும் பட்டனை) அழுத்தக் கூடாது.

இதற்கு வழி உண்டு. அதே இடத்தில் இன்னொரு திறந்த துண்டு, 17.8 சென்டிமீட்டர். அது 145-இல் 47 ஓம் கெபாசிட்டன்ஸாக நிற்கும், இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். இரண்டு துண்டையும் கூட்டினால் 68.3 சென்டிமீட்டர், 145-க்குச் சரியாக அரை அலை. 435 என்பது 145-இன் மூன்று மடங்கு என்பதால் எழுபது சென்டிமீட்டர் பேண்டிலும் ரத்தாகிவிடும், இரண்டு பேண்டுக்கும் ஒரே வேலை. இரண்டையும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, நானோவிஎன்ஏ என்ற அளவுக்கருவியை வைத்துக்கொண்டு இரண்டு மில்லிமீட்டராக நறுக்கி வரவும். நுனியில் பின்னல் கம்பியின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டால் எல்லாம் ஷார்ட். நுனியைச் சீவிவிட்டு ஹீட் ஷ்ரிங்க் போடவும்.

98-ஐ ஒட்டி ஆழமாக வெட்டும், 88-லும் 108-லும் கொஞ்சம்தான். தொல்லை தரும் நிலையம் எதுவோ அந்த அலைவரிசைக்கு முதல் துண்டை வெட்டுங்கள். இரண்டாவதன் நீளம், 68.3-இல் மிச்சம்.

பழையடயல் | 15 ஜூன், காலை 9.40

பையன் கேட்டது எந்த செட்டுன்னு. நீங்க கேபிள் வெட்டச் சொல்லிட்டீங்க. ஹாம்ங்க கிட்ட டீ கேட்டா கரும்பு நட ஆரம்பிப்பாங்க.

கலர்கோடு1 | 15 ஜூன், மதியம் 1.25

சரி, செட்டுக்கு வர்றேன். டிஎம்ஆருக்காக நான் சொல்றது தூரத்துக்காக இல்ல. ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ்ல 30 மில்லிசெகண்ட் துண்டு துண்டா ரெண்டு பேச்சு போகும். செட்டு பாதி நேரம்தான் டிரான்ஸ்மிட் பண்ணும், பேசறப்ப பேட்டரி மிச்சம். பேசறவங்க கால்சைன், பேர் திரையில வரும். ஆனா முதல்நாளே பேச முடியாது, இதை ஒத்துக்கிறேன். வரிசை இப்படி:

ரேடியோஐடி தளத்துல லைசென்ஸ் நகலைக் கொடுத்து ஏழு இலக்க ஐடி வாங்கணும். இந்தியாவுக்கு 404ல தொடங்கும். பிராண்ட்மைஸ்டர்ல கணக்குத் திறந்து ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு வைக்கணும், இதை விட்டுட்டா ஹாட்ஸ்பாட் வாசல்லயே நிக்கும். அப்புறம் கோடுபிளக், அதாவது செட்டுக்குள்ள ஏத்தற சேனல் ஃபைல்: முதல்ல காண்டாக்ட்ல டாக்குரூப்புங்க, அப்புறம் ரிசீவ் குரூப் பட்டியல், அப்புறம் சேனல், கடைசியா ஸோன். சேனலை ஸோன்ல போடலேன்னா செட்டுல தெரியவே தெரியாது. புதுசா வர்றவங்க மூணு மணி நேரம் தேடறது இதைத்தான்.

சேனல்ல கலர் கோடு 1, டைம்ஸ்லாட் 2. ஒற்றை அலைவரிசை ஹாட்ஸ்பாட்டுக்கு ரிசீவ், டிரான்ஸ்மிட் ரெண்டும் ஒண்ணு. சோதனைக்கு 9990க்கு பிரைவேட் கால்: பேசி விட்டா உங்க குரலே திரும்பி வரும். குரூப் காலா போட்டா வராது.

ரப்பர்டக் | 15 ஜூன், மதியம் 2.10

அலைவரிசை சொல்லாம விட்டுட்டீங்களே. வெளிநாட்டு வழிகாட்டிங்கள்ல 438.800ன்னு போட்டிருப்பாங்க, அப்படியே ஏத்திடாதீங்க. நமக்கு 434லேருந்து 438 வரைக்கும்தான். 435க்கு மேல சாட்டிலைட் இருக்கறதால அங்கேயும் வேண்டாம். 434க்கு ரொம்ப ஒட்டியும் போகாதீங்க, 433.92ல கார் சாவி, கேட் ரிமோட் எல்லாம் கத்தும். 434.4, 434.6 மாதிரி ஒரு இடம் பாத்து ஒரு நாள் கேட்டுட்டு, காலியா இருந்தா வைங்க.

கலர்கோடு1 | 15 ஜூன், மதியம் 2.22

சரிதான். அதோட எம்எம்டிவிஎம் போர்டுல இருக்கற கிரிஸ்டல் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி நிக்கும். பை-ஸ்டார் பக்கத்துல உங்க வரிசைக்கு நேரா பிஇஆர் (பிழை விகித) எண் வரும். ஆர்எக்ஸ் ஆஃப்செட்டை 50 ஹெர்ட்ஸா கூட்டிக் குறைச்சு 1 சதவீதத்துக்குக் கீழ கொண்டுவாங்க. டிஎக்ஸ் ஆஃப்செட்டும் கிட்டத்தட்ட அதே எண். செட்டை லோ பவர்ல வைங்க, ஹாட்ஸ்பாட்டுலேருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நில்லுங்க. மேசையில பக்கத்துல வச்சு அஞ்சு வாட் அடிச்சா போர்டு திணறி பிஇஆர் எகிறும், ஆஃப்செட் தப்புன்னு நினைச்சு அதையும் கெடுத்துக்குவீங்க.

புதுகால்சைன் | 15 ஜூன், இரவு 8.55

டிஎம்ஆரில் எதுவும் கேட்கவில்லை என்றால் எங்கிருந்து தேடுவது?

கலர்கோடு1 | 15 ஜூன், இரவு 9.20

பச்சை விளக்கு எரியுதா பாருங்க. எரிஞ்சும் சத்தம் இல்லேன்னா கலர் கோடு, டைம்ஸ்லாட், இல்ல அந்த டாக்குரூப் ரிசீவ் பட்டியல்ல இல்ல. மானிட்டர் பட்டனை அழுத்தினதும் கேட்டுச்சுன்னா அந்தப் பட்டியல்தான் காரணம். விளக்கே எரியலேன்னா அலைவரிசை. பி.டி.டி. அழுத்தினதும் பீப் அடிச்சு மறுத்தா அட்மிட் கிரைட்டீரியாவை ஆல்வேஸ்னு மாத்துங்க. மெனுவுல என்கிரிப்ஷன்னு ஒண்ணு கண்ணுல படும். அமெச்சூர்ல மறைச்சுப் பேசக் கூடாது, அதை ஆஃப்லயே விடுங்க.

பழையடயல் | 15 ஜூன், இரவு 9.48

இவ்வளவும் பண்ணி முடிச்ச அப்புறம் மழைக்கு ஃபைபர் அறுந்தா? 2015 டிசம்பர்ல சென்னையில செல்போன் டவரெல்லாம் விழுந்தப்ப எத்தனை ஹாட்ஸ்பாட் உதவும்? 2004ல போர்ட் பிளேர்ல பாரதி பிரசாத் அம்மா சுனாமி அன்னிக்கு எதை வச்சு சேதி அனுப்பினாங்க?

ஸ்டப்மேட்ச் | 15 ஜூன், இரவு 10.30

பாரதி பிரசாத் அவர்கள் வியூஃபோர்ஆர்பிஐ என்ற கால்சைனில் அனுப்பியது எச்எஃப்பில் (தொலைதூரம் போகும் சிற்றலை), அந்தமானிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்கு. ஹேண்டியை வைத்து அல்ல. அந்த உதாரணம் இந்த விவாதத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஹாட்ஸ்பாட் பற்றிய கேள்வி சரியானது. இணையம் போனால் அந்த டிஎம்ஆர் செட்டில் மிஞ்சுவது சிம்ப்ளெக்ஸ் (செட்டுக்கு செட் நேரடிப் பேச்சு) மட்டுமே, அதைக் கேட்க இன்னொரு டிஎம்ஆர் செட் எட்டும் தூரத்தில் வேண்டும். அனலாக் ரிப்பீட்டர் பேட்டரியில் ஓடும் வரை யார் கையில் எந்த கம்பெனி செட் இருந்தாலும் பேசலாம்.

யேசுவின் சி4எஃப்எம், ஐகாமின் டி-ஸ்டார் என்ற டிஜிட்டல் முறைகள் பற்றி யாராவது கேட்பதற்கு முன்: டிஎம்ஆரோடு சேர்த்து மூன்றும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. யேசுவும் டிஎம்ஆரும் ஒரே ஏஎம்பிஇ+2 குடும்ப வோகோடர்தான் (குரலை பிட்டுகளாக மாற்றும் பகுதி), ஆனாலும் சட்டகம் வேறு. இந்தப் பட்ஜெட்டில் இரண்டும் வராது.

ரப்பர்டக் | 16 ஜூன், காலை 7.05

ரொம்ப நாள் யோசனைக்குப் பிறகும் என் ஓட்டு: அனலாக் + ஆண்டெனா. 12,000ல மூவாயிரம் செட்டு. மிச்சத்துல எஸ்ஓ-239 சாக்கெட் ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர் செப்புக் கம்பி மூணு மீட்டர். நடுவுல 49 சென்டிமீட்டர், நாலு மூலையிலும் 51.5 சென்டிமீட்டர் கம்பி, கீழே 45 டிகிரி சாய்ச்சு. சாய்ச்சாத்தான் 50 ஓம்முக்கு வரும், நேரா நீட்டினா 36 பக்கம் நிக்கும். கம்பியை ஓட்டையில மாட்டி நட்டு போட்டா போதும், நடு ஊசிக்கு மட்டும் சால்டரிங். பிவிசி பைப்புக்குள்ள கேபிளை விட்டு மொட்டை மாடியில நிறுத்துங்க. நடு ஊசி பக்கம் எம்-சீல் வைக்கலேன்னா முதல் மழையில தண்ணி கேபிளுக்குள்ள இறங்கும்.

கேபிளுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்ஜி-58 பத்து மீட்டர்ல 145க்கு 2 டிபி போகும், 435க்கு நாலு டிபி கிட்ட. அஞ்சு வாட்ல மேலே போய்ச் சேர்றது ரெண்டு வாட். ஆர்ஜி-213 போட்டா 145ல ஒரு டிபிக்குள்ள. ஆனா அந்தத் தடிச்ச கேபிளை நேரா ஹேண்டியோட எஸ்எம்ஏல மாட்டாதீங்க, சாக்கெட் போர்டுலேருந்து பிஞ்சு வந்துடும். நடுவுல முப்பது சென்டிமீட்டர் மெல்லிய ஆர்ஜி-316 துண்டு. யுவி-5ஆர்ல செட் பக்கம் ஆண் முனை, அதுக்குப் பெண் முனை வாங்குங்க. ஆன்லைன்ல வர்றதுல பாதி தலைகீழ்.

மாடிக்குப் போக முடியாத நாள்ல, செட்டோட ஆண்டெனா அடியில உலோகத்தைத் தொடற மாதிரி 49 சென்டிமீட்டர் வயரைச் சுத்தித் தொங்க விடுங்க. புலிவால். காசே இல்லாத ஆண்டெனா, குட்டைக்கு நல்லாவே வித்தியாசம் தெரியும்.

கலர்கோடு1 | 16 ஜூன், காலை 7.50

இதுல எனக்குச் சண்டை இல்ல. ஒண்ணு மட்டும் சேர்த்துக்குங்க: ரெண்டாவது செட்டு வாங்கும்போது ஓபன்ஜிடி77ங்கற மாற்று ஃபர்ம்வேர் (செட்டோட உள் மென்பொருள்) ஏத்த முடியற மாடலா பாருங்க. எம்டி-யுவி380, ஆர்டி3எஸ், டிஎம்-1701, டிஎம்-1801 இதெல்லாம். கீபேட்லயே டாக்குரூப் மாத்தலாம், யூஎஸ்பில பை-யோட இணைச்சா செட்டே ஹாட்ஸ்பாட் ஆகும். ஏத்தறதுக்கு முன்னாடி கேலிபரேஷனை பேக்கப் எடுங்க. போர்டுக்குப் போர்டு அது வேற, போச்சுன்னா வேற செட்டுலேருந்து கடன் வாங்க முடியாது. வோகோடர் பகுதிக்கு கம்பெனி ஃபர்ம்வேர் ஃபைலையும் லோடர் கேக்கும், இல்லேன்னா டிஎம்ஆர்ல குரல் வராது. எம்டி-யுவி380ல பி.டி.டி.யும் அதுக்கு மேல இருக்கற பட்டனும் அழுத்திக்கிட்டே ஆன் பண்ணினா விளக்கு சிவப்பும் பச்சையுமா மின்னும், அப்பதான் ஏத்தணும்.

புதுகால்சைன் | 16 ஜூன், இரவு 9.02

அப்படியானால் யுவி-5ஆரா, குவான்ஷெங் யுவி-கே5-ஆ?

ரப்பர்டக் | 16 ஜூன், இரவு 9.15

கே5. பிகே4819 சிப், விமான அலைவரிசை ஏஎம் கேக்கலாம், யூஎஸ்பி-சி சார்ஜ், ஆளாளுக்கு எழுதின ஃபர்ம்வேர்ல ஸ்பெக்ட்ரம் திரை வரும். கேக்கறதுக்கு அருமை. அந்த ஃபர்ம்வேர்ல சிலது எல்லா அலைவரிசையிலும் டிரான்ஸ்மிட்டைத் திறந்து விட்டுடும். அது வேணாம். 144லேருந்து 146, 434லேருந்து 438, இதுக்கு வெளியே பி.டி.டி.யைத் தொடாதீங்க. 446ல லைசென்ஸ் இல்லாத பேண்ட் இருக்குன்னு சொல்வாங்க, அது அமெச்சூர் பேண்ட் இல்ல, அரை வாட் கையடக்க செட்டுங்களுக்கு. வாங்கும்போது கடைக்காரர் லைசென்ஸ் நகல் கேக்கலேன்னா அந்தக் கடை வேணாம்.

ஸ்டப்மேட்ச் | 16 ஜூன், இரவு 9.50

எந்த மலிவு செட்டாக இருந்தாலும் ஹார்மானிக் (அனுப்பும் அலைவரிசையின் மடங்குகளில் கசியும் சிக்னல்) பார்ப்பது நல்லது. 145-இன் இரண்டாவது 290-இல் விழும், அங்கே நமக்கு வேலையே இல்லை. டைனிஎஸ்ஏ (ஸ்பெக்ட்ரம் அளக்கும் கருவி) உள்ளவரிடம் கொண்டு போங்கள். ஐந்து வாட் என்பது +37 டிபிஎம், நேராகச் செருகினால் கருவி காலி. ஐந்து வாட்டைத் தாங்கும் 40 டிபி அட்டென்யுவேட்டர் நடுவில் வேண்டும். மெயின் சிக்னலைவிட 290 குறைந்தது 60 டிபி கீழே இருந்தால் நிம்மதி. 40-இல் நின்றால் லோ பாஸ் ஃபில்டர் போடுங்கள், அல்லது செட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

புதுகால்சைன் | 29 ஜூன், மாலை 6.40

கடையில் கே5 இல்லை, யுவி-5ஆர் எடுத்தேன். ஆண்டெனா ரப்பர்டக் அண்ணன் சொன்ன அளவு. ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கிறது. ஆனால் நான் அழுத்தினால் எதுவும் திரும்பி வருவதில்லை. கணினியிலிருந்து சேனல் ஏற்றும் கேபிளை மாட்டினால், சர்ப் மென்பொருள் "ரேடியோ பதில் சொல்லவில்லை" என்கிறது.

இன்னொன்று: 434 பக்கம் ஓரிடத்தில் டர்ர்ர் என்று மோட்டார் மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு.

கலர்கோடு1 | 29 ஜூன், மாலை 6.52

அந்த டர்ர்ர் டிஎம்ஆரா இருக்கலாம்! அனலாக் செட்டுல 30 மில்லிசெகண்ட் துண்டுங்க அப்படித்தான் கேக்கும். பக்கத்துல யாரோ ஹாட்ஸ்பாட் வச்சிருக்கார் போல. அலைவரிசையைக் குறிச்சு வைங்க.

ரப்பர்டக் | 29 ஜூன், இரவு 7.30

கேபிள்: பிளக்கை முழுசா அமுக்குங்க. செட்டோட பிளாஸ்டிக் விளிம்பு தடுக்கும், ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாம நிக்கும். க்ளிக் சத்தம் வரணும். அப்பவும் வரலேன்னா கேபிளுக்குள்ள போலி புரோலிஃபிக் சிப், புது விண்டோஸ் டிரைவர் அதை ஏத்துக்காது. சிஎச்340 இல்ல எஃப்டிடிஐ சிப் போட்ட கேபிள் வாங்குங்க. இணைஞ்சதும் முதல் வேலை செட்டுல இருக்கறதை டவுன்லோட் பண்ணி அந்த ஃபைலைப் பத்திரப்படுத்தறது.

அதுவரைக்கும் கையாலயே போடலாம். மெனு 7 டிடிஆர் (ரெண்டு அலைவரிசையை மாறி மாறிக் கேக்கறது) ஆஃப். மேல் வரிசையில ரிப்பீட்டர் வெளியீட்டு அலைவரிசை. மெனு 5 வைடு, நேரோவுல இருந்தா குரல் பாதிதான் கேக்கும். மெனு 13ல டோன், ரிப்பீட்டரைத் திறக்கற மெல்லிய ஒலி. மெனு 28ல அந்தச் சேனலை அழிச்சுட்டு மெனு 27ல சேமிங்க. இப்ப 600 கிலோஹெர்ட்ஸ் கழிச்ச உள்ளீட்டு அலைவரிசையை அடிச்சு, மறுபடி மெனு 27ல அதே சேனல் எண்ணுல சேமிங்க. ரெண்டாவது தடவை சேமிக்கும்போதுதான் டிரான்ஸ்மிட் பக்கம் பதிவாகும், இதை விட்டுட்டா வெளியீட்டுலயே பேசிக்கிட்டு இருப்பீங்க.

புதுகால்சைன் | 29 ஜூன், இரவு 8.44

மெனு 11-லும் அதே டோனைப் போட்டிருந்தேன். அது வேண்டுமா?

ரப்பர்டக் | 29 ஜூன், இரவு 8.50

வேண்டாம். 11 கேக்கறதுக்கு. ரிப்பீட்டர் வெளியீட்டுல டோன் அனுப்பலேன்னா உங்க செட்டு ஊமையா நிக்கும். 11 ஆஃப், 13 மட்டும். அழுத்தி அரை செகண்ட் விட்டுப் பேசுங்க, இல்லேன்னா கால்சைனோட முதல் எழுத்து போயிடும்.